பல் போன பின் தாடையெலும்பு

சொத்தை முற்றி, இரவில் உறக்கம் கெட்ட பிறகே நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சிற்றூர்களில் பலர் பல் மருத்துவரை நாடுகின்றனர். பல்லைப் பிடுங்கி, பஞ்சைக் கடித்தபடி பேருந்தேறி வீடு திரும்பியதும் தொல்லை விட்டது என்று எண்ணுகின்றனர். வலி விட்டது உண்மையே. ஆனால் அன்று முதல் தாடைக்குள் ஒரு தேய்மானம் தொடங்குகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல் என்பது சுவரில் ஆணி அடித்தாற்போல் எலும்பில் பதிந்திருப்பதன்று. வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்ப்பிணைப்பு ஒன்று உண்டு. நாம் மெல்லும்போது அந்நார்கள் எலும்பை இழுத்து இழுத்து அதற்கு வேலை தருகின்றன. பற்குழியின் உட்புறத்தை மூடியுள்ள எலும்புப் படலம் பல்லுக்காகவே இருப்பது. பல் போனால் அதுவும் போகும். மேல்தாடை முன்பற்களின் வெளிச்சுவர் பெரும்பாலோருக்கு 1 மில்லிமீட்டர்கூட இராது. எனவே அச்சுவரே முதலில் சரிகிறது. பயிர் செய்யும் வரையில் நாம் அண்டை கட்டி வரப்பைக் காக்கிறோம். சாகுபடி நின்றுவிட்டால் நாலு மழையில் வரப்பு கரைந்து வயலோடு வயலாகிவிடும். தாடையின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

பல் எடுத்த குழியில் முதலில் இரத்தம் உறைகிறது. ஒரு வாரத்தில் அவ்விடத்தில் புதுத் திசு வளர்ந்து, மூன்று நான்கு மாதங்களில் குழி எலும்பால் நிரம்பிவிடுகிறது. இது நிரம்பிக்கொண்டிருக்கும்போதே வெளிப்புறம் ஒடுங்குவதுதான் விந்தை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஆறு மாதத்தில் தாடை விளிம்பின் அகலம் சராசரியாக 3.8 மில்லிமீட்டரும் உயரம் 1.2 மில்லிமீட்டரும் குறைவதாகக் கண்டுள்ளனர். பல் எல்லாம் போய்ப் பல்செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த டால்கிரன் என்ற அம்மையார், தேய்மானம் நிற்பதேயில்லை என்றும், கீழ்த்தாடையில் அது மேல்தாடையைப் போல் நான்கு மடங்கு என்றும் 1972-இல் எழுதினார். நம் பாட்டிமார்களின் கீழ்ப் பல்செட் வாயில் நில்லாமல் ஆடுவதற்கும், பல நேரம் அது அலமாரியிலேயே கிடப்பதற்கும் காரணம் இதுவே.

இத்தேய்மானம் இன்று கூடுதல் கவலைக்குரியதாகிவிட்டது. சுவீடன் நாட்டு மருத்துவர் பிரானெமார்க், டைட்டானியம் உலோகத்தோடு எலும்பு இறுகப் பிணைவதை 1952-இல் முயல்களிடம் செய்த சோதனையில் கண்டார். 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். இன்றைய செயற்கைப் பல்வேர், அதாவது இம்ப்ளாண்ட், அவ்வழி வந்ததே. அத்திருகின் தடிமன் சுமார் 4 மில்லிமீட்டர். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் எலும்பாவது வேண்டும். எட்டு மில்லிமீட்டர் அகலமிருந்த விளிம்பில் நான்கு போய்விட்டால் திருகை எங்கே நிறுத்துவது?

இதற்காகவே பற்குழியைக் காக்கும் முறை தோன்றியது. வெளிச்சுவர் உடையாதபடி, மெல்லிய அலகுடைய கருவியால் நார்களை அறுத்துப் பல்லை மெதுவாக எடுப்பது முதற்படி. என் கருத்தில் பாதி வெற்றி இதிலேயே உள்ளது. பின் குழியைச் சுத்தம் செய்து, எலும்புத் தூளை இட்டு, மேலே கரையக்கூடிய கொலாஜன் சவ்வை மூடித் தைக்கின்றனர். நான்கு முதல் ஆறு மாதம் கழித்துத் திருகு பொருத்தலாம். இம்முறை தேய்மானத்தைக் குறைக்குமேயன்றி முற்றிலும் தடுக்காது.

அத்தூள் எங்கிருந்து வருகிறது? நோயாளியின் எலும்பாகவோ, கொடையாகப் பெற்ற மனித எலும்பாகவோ, பதப்படுத்திய மாட்டெலும்பாகவோ, ஹைட்ராக்சிஅபடைட் போன்ற செயற்கைச் சுண்ணாம்புச் சேர்மமாகவோ இருக்கலாம். சவ்வு சிலவேளை பன்றியிலிருந்து எடுக்கப்படுவதுண்டு. கோயிலும் மசூதியும் மாதா கோயிலும் உள்ள நம் ஊர்களில் இது சிறிய செய்தியன்று. முன்னதாகக் கேட்டால் மருத்துவர் வேறு பொருளைத் தேர்ந்துகொள்வார்.

எல்லோருக்கும் இது தேவை என்று சொல்வதற்கில்லை. ஞானப்பல் எடுத்தவருக்கு இது வேண்டியதேயில்லை. இருபுறப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் போதும் என்பவரும் இவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை; ஆனால் முன்பல்லாயின் அங்கே ஈறு குழிந்து தெரியும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை நோய், புகைபிடித்தல் ஆகியவை குணமாவதைக் கெடுக்கும். எலும்புத் தேய்வுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவரும், தாடையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவரும் அதை மறைக்காமல் கூறவேண்டும்.

வீட்டில் செய்யவேண்டியது எளிது. முதல் நாள் துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது. உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். வலிக்கென்று புகையிலையை அடக்கிக்கொள்வது மிகவும் தவறு. மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீர் போதும்.

கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனமும், பிள்ளையார்குப்பத்திலும் அரியூரிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் உள்ளன. பல்லை எடுப்பதற்கு மரத்துப்போகும் ஊசி போடுமுன்பே, “இந்த இடத்தில் பிறகு பல் கட்டுவதாயிருந்தால் எலும்பு நிற்குமா?” என்று கேட்பதே முறை. ஓராண்டு கழித்துக் கேட்டால், ஒரு கிராமுக்கும் குறைந்த தூளால் முடிந்திருக்கக்கூடிய காரியத்துக்கு முகவாயிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எலும்பை வெட்டி எடுத்து ஒட்ட நேரலாம்.