அரிக்கமேட்டுச் சாடிகளும் யவனர் வெண்மதுவும்

வெள்ளாற்றங்கரையிலுள்ள புவனகிரியினின்று வடக்கே கடலூரையும் கடந்து செல்வோர், புதுச்சேரியை அணுகுமுன் அரியாங்குப்பம் ஆறு கடலை நோக்கி வளைந்து செல்லும் ஓரிடத்தைக் காண்பர். அவ்வாற்றங்கரையில் மரங்கள் செறிந்து தோன்றும் மேடே அரிக்கமேடு. கண்ணுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் புலப்படாது. ஆயினும், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னர் மத்தியதரைக் கடல் நாடுகளிற் பிழிந்த திராட்ச மது நம் கரையில் வந்திறங்கியது என்பதற்கு அம்மேட்டின் மண்ணே சான்று பகர்கின்றது. அம்மது எத்தகையது, எவ்வகை நிலத்தில் விளைந்தது, இங்கு அதனைப் பருகினோர் யாவர் என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம். மதுவுண்டலைப் புகழ்தல் நம் கருத்தன்று. ஒரு சான்றினை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அறிதலே கருத்து.

அரிக்கமேட்டின் பெருமையை 1930-ஆம் ஆண்டுகளில் உணர்த்தியவர் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரே. பின்னர் 1945-ஆம் ஆண்டில் தொல்பொருள் துறையின் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர் அங்கே முறைப்படி அகழ்ந்தார். 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் அப்பணியைத் தொடர்ந்தனர். இத்தாலிய நாட்டு அரெஸ்ஸோ நகரத்துச் செந்நிற மட்கலங்களைக் கொண்டு வீலர் அவ்வூரின் யவன வாணிகத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கணித்தார். பெக்லி அம்மையாரின் ஆராய்ச்சியோ, அவ்வாணிகம் அதற்கும் முற்பட்டே தொடங்கியது என்று காட்டிற்று.

அங்குக் கிடைத்த பொருள்களுள் நம் ஆராய்ச்சிக்குரியவை இருபுறமும் கைப்பிடி அமைந்து, அடி கூராக முடியும் உயர்ந்த சாடிகளின் ஓடுகளேயாம். கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்குவதற்கு அவ்வடிவம் ஏற்றது. மதுவைக் கொள்ளும் சாடியாயின் அதன் உட்புறத்தே மரப்பிசினாலாகிய கீலைப் பூசுதல் வழக்கம். இவ்வோடுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் என்னும் அமெரிக்க அம்மையார், அவற்றுட் பெரும்பாலானவை கோஸ் தீவின் சாடி வகையைச் சார்ந்தவை என்று கண்டார். இரு கோல்களை ஒன்றாக ஒட்டியது போன்ற கைப்பிடியே அவ்வகையின் அடையாளம். கோஸ் என்பது துருக்கிக் கரையை அடுத்துள்ள கிரேக்கத் தீவு. மருத்துவக் கலையின் தந்தை எனப்படும் ஹிப்போக்கிரட்டீஸ் பிறந்த இடம்.

கோஸ் தீவின் மதுவைப் பற்றி ரோமானிய ஆசிரியராகிய பிளினி வியத்தகு செய்தியொன்றைக் கூறுகின்றார். அடிமையொருவன் திருடியதனாற் குறைந்த அளவை நிரப்பக் கடல்நீரைச் சேர்த்தானாம். அத்திருட்டினின்றே அத்தீவினர் மதுவிற் கடல்நீர் கலக்கும் வழக்கம் தோன்றிற்று என்பர் அவர். வெண்சாற்றில் அவ்வாறு கலந்து ஆக்கிய மது 'வெள்ளைக் கோஸ்' என்னும் பொருள்படும் கிரேக்கப் பெயர் பெற்றது. அவருக்கு முற்பட்ட கேட்டோ என்பவர், கோஸ் மதுவைத் தாமே ஆக்க விரும்புவோர் அறுவடைக்கு எழுபது நாள் முன்னர், காற்றடங்கிய நாளில், நன்னீர் கலவாத ஆழ்கடலில் நீர் முகந்து வைத்தல் வேண்டும் என்று முறை வகுத்துள்ளார். ஒருவன் வஞ்சகமாகச் செய்தது பின்னர் உலகமறிந்த தொழில் முறையாயிற்று!

திராட்சக் கனியின் சாறு பெரும்பாலும் நிறமற்றது. நிறம் தோலில் உள்ளது. தோலை நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்கவிடின் வெண்மதுவும், கருங்கனியின் தோலோடு புளிக்கவிடின் செம்மதுவும் உண்டாகும்.

இக்கொடி வளரும் நிலமும் நோக்கத்தக்கது. வேரில் நீர் தேங்குதலைத் திராட்ச கொடி பொறாது. ஆதலின் கற்பாங்கான மலைச்சரிவை விரும்பும். சரிவிலே மண் மழைநீரோடு வழிந்தோடாவண்ணம் கற்சுவர் எழுப்பிப் படிப்படியாக நிலம் திருத்துதல் அந்நாட்டார் முறை. சிரியாக் கடற்கரையிலுள்ள லவோதிக்கேயாவின் மலை ஏறக்குறைய உச்சிவரை திராட்சக் கொடியால் மூடப்பெற்றது என்றும், அதன் மதுவிற் பெரும்பகுதி அலெக்சாந்திரியாவிற்குச் சென்றது என்றும் ஸ்டிராபோ எழுதுகின்றார். வெளிப்படுத்தின விசேஷத்திற் கூறப்படும் லவோதிக்கேயா வேறு; இது வேறு. போர்ச்சுகல் நாட்டுத் தூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இத்தகைய படிநிலத் தோட்டங்களை இன்றும் காணலாம். 2001-ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியக் களமாக ஏற்கப்பட்டது. வெள்ளாற்றின் முகத்துவாரத்திலுள்ள நம் பரங்கிப்பேட்டைக்குப் 'புதுத் துறைமுகம்' எனப் பொருள்படப் போர்ட்டோ நோவோ என்று பெயரிட்டவர் அந்நாட்டினரே.

அலெக்சாந்திரியாவினின்று நைல் ஆற்றின் வழியாகவும், பின் ஒட்டகத்தின் மேலும் சென்ற சரக்கு, செங்கடல் துறைகளிற் கப்பலேறித் தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் இந்தியாவை அடைந்தது. 'எரித்திரியக் கடற் பெரிப்ளூஸ்' என்னும் கி.பி. முதல் நூற்றாண்டு நூல், பரூகச்சத் துறையில் இத்தாலிய மதுவும் லவோதிக்கேய மதுவும் விலைப்பட்டன என்றும், முசிறிப் பகுதியில் மது சிறிதளவே இறங்கியது என்றும் கூறும். அந்நூல் குறிக்கும் 'பொதுகே' என்னும் கீழைத்துறை அரிக்கமேடே என்பது அறிஞர் பலர் கருத்து.

இனி, பருகினோர் யாவர்? புறநானூற்று ஐம்பத்தாறாம் பாட்டில், யவனர் கொணர்ந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தரப் பாண்டியன் நன்மாறன் உண்டு மகிழுமாறு நக்கீரர் வாழ்த்துகின்றார். எனவே அரசர் உண்டமை தெளிவு. துறையில் தங்கிய யவன வணிகரும் உண்டிருப்பர். ஆயின் அவ்வூர் நெசவாளரும் மணி கோப்போரும் உண்டனரோ எனின், ஓட்டைக் கொண்டு அதனைத் துணிதல் இயலாது. வெறுமையான சாடியை நீர் வைக்கவும் கொண்டிருக்கலாம் அன்றோ?

மற்றொன்றும் கருதுக. கோஸ் சாடியின் வடிவத்தை இத்தாலி முதலிய நாட்டினரும் பின்பற்றினர். ஆதலின் அவ்வடிவமுள்ள ஒவ்வோர் ஓடும் கோஸ் தீவினதாகாது. ஓட்டினைக் கண்ட அளவில் அதனுள் இருந்தது வெண்மதுவோ செம்மதுவோ என்றும் சொல்ல முடியாது. நக்கீரரும் நிறத்தைக் கூறினாரல்லர். ஆகவே, யவன மது இங்கு வந்தது என்பது உறுதி. அதில் ஒரு பகுதி கடல்நீர் கலந்த கோஸ் மது என்பது பெரிதும் பொருந்துவது. நன்மாறனின் பொற்கலத்தில் இருந்தது அவ்வெண்மதுவே என்பதோ வெறுங் கற்பனை. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிதலே ஆராய்ச்சியின் முதற் பாடமாம்.

மாணவ நண்பர்காள்! விடுமுறை நாளில் அரிக்கமேட்டிற்குச் செல்வீராயின், ஓடொன்று காலில் தட்டுப்படலாம். அதனை நினைவுப் பொருளாக எடுத்துச் செல்லற்க. கிடந்த இடத்தை விட்டு அகன்ற ஓடு, ஏட்டினின்று கிழிந்த இதழ் போன்றது. அதன் முன்பின் தொடர்பை எவராலும் படிக்கவொண்ணாது. பாட்டு சொல்லாததை ஓடும், ஓடு சொல்லாததைப் பாட்டும் நமக்குச் சொல்லும். இரண்டையும் அவற்றின் இடத்திலேயே காத்தல் நம் கடமை.