மடிக்கணினிக்கு நீட்டித்த உத்தரவாதமா, இன்ஷ்யூரன்ஸா?

நம் சங்க அலுவலகங்களில் பேரேடு இருந்த மேஜைமீது இப்பொழுது மடிக்கணினி இடம் பெற்றுள்ளது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடிச் செலவில் ஒரு திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. பரமக்குடி, எமனேசுவரம் பக்கத்து நெசவாளர் இல்லங்களிலும் சேலைக் கரையின் டிசைனைத் திரையில் வரைவோர் உளர். இக்கருவியை வாங்கச் செல்லும்போது, பில் போடுமுன் கடைக்காரர் இரண்டு காகிதங்களை நீட்டுகிறார்: ஒன்று நீட்டித்த உத்தரவாதம், மற்றொன்று இன்ஷ்யூரன்ஸ். இரண்டும் ஒன்றே என எண்ணி, விலை குறைந்ததில் கையொப்பமிடும் அங்கத்தினர்கள் பலர்.

அவை ஒன்றல்ல. உத்தரவாதம் என்பது கருவியின் உள்ளிருந்து எழும் பழுதுக்குச் செய்தவர் தரும் வாக்கு. விசைப்பலகை தானாகவே நின்றுபோனால், தாய்ப்பலகை செயலிழந்தால், அவர் சீர்செய்து தருவார். பொதுவாக முதல் ஓராண்டிற்கு இது விலையிலேயே அடங்கும். நீட்டிப்பு என்பது அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு நாம் விலைகொடுத்து வாங்குவது. தேநீர் கொட்டினாலும், கீழே விழுந்து திரை உடைந்தாலும், திருடு போனாலும் இது உதவாது. பாட்டரியையும் பெரும்பாலும் நீட்டிப்பில் சேர்ப்பதில்லை. விபத்துச் சேதத்திற்கெனச் சில கம்பெனிகள் தனித் திட்டம் விற்கின்றன. அதன் பெயரும் ஏறக்குறைய இதைப் போலவே ஒலிக்குமாதலால், நிபந்தனைத் தாளைப் படித்த பின்னரே பணம் கட்டுதல் வேண்டும்.

இன்ஷ்யூரன்ஸோ வெளியிலிருந்து திடீரென வரும் கேட்டிற்கானது: தீ, வெள்ளம், புயல், பூட்டுடைத்த திருட்டு ஆகியன. பேருந்து இருக்கையில் மறந்து வைத்துவிட்டு இறங்கினால் அது பூட்டுடைத்த திருட்டாகாது. நாளடைவில் தேய்ந்து கெடுவதற்கும் நஷ்டஈடு இல்லை.

இங்கேதான் நம் கரையோரத்தார் கவனிக்க வேண்டியதொன்று உள்ளது. இரும்புத் தாழ்ப்பாளையே தின்றுவிடும் உப்புக் காற்று, கணினியின் மெல்லிய செம்புத் தடங்களை விட்டுவைக்குமா? பாம்பனிலும் இராமேசுவரத்திலும் கருவியை மெல்ல மெல்லக் கொல்வது இவ்வரிப்பே. ஆனால் அரிப்பு என்ற சொல் இருவகைக் காகிதங்களிலும் பொதுவாக விலக்குப் பட்டியலில்தான் காணப்படும். பழுது பார்ப்பவர் உட்பலகையில் பச்சை பூத்திருப்பதைக் கண்டால், உத்தரவாதமும் மறுக்கப்படலாம். ஆதலால் கடலுக்கு அருகில் வேலை செய்வோர், சன்னலோரத்தை விட்டு விலக்கி வைத்தல், வேலை முடிந்ததும் மூடி உறையிலிடுதல், ஆண்டுக்கொருமுறை உட்புறத்தைச் சுத்தம் செய்வித்தல் ஆகியவற்றிற்கே முதற்பணத்தை ஒதுக்குக.

வெள்ளத்தின் கணக்கு வேறு. 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அத்தகைய நாளில் அலுவலகத்துள் நீர் புகுந்தால் ஒரு கருவி மட்டும் கெடாது. மேஜைமீதும் தரையிலும் உள்ள அனைத்தும் ஒருசேரக் கெடும். எந்த உத்தரவாதமும் இதற்கு ஈடு தராது.

இதிலிருந்து ஒரு கணக்குப் பிறக்கிறது. எண்கள் உதாரணத்திற்கே. ஒரு சங்கத்தில் ரூ. 50,000 விலையுள்ள கணினிகள் ஐந்து உள்ளன என்போம். இரண்டாண்டு நீட்டிப்பு ஒன்றுக்கு ரூ. 7,000 எனில், மொத்தம் ரூ. 35,000. ஒரு தாய்ப்பலகை மாற்ற ரூ. 17,000 ஆகும் எனக் கொண்டால், அதே தொகையை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்கில் இட்டு வைத்தால் இரண்டு பலகைகளை மாற்றலாம். பழுது வராவிடில் பணம் சங்கத்திடமே நிற்கும். தனித்தனியே, முன்பின்னாக வரும் சிறு பழுதுகளைச் சங்கம் தானே தாங்கிக்கொள்ள இயலும். ஐந்தும் ஒரே இரவில் போகும் பெருங்கேட்டைத் தாங்க இயலாது. ஆகவே, பல கருவிகள் வைத்துள்ள சங்கம் நீட்டித்த உத்தரவாதத்தை விட்டு, இன்ஷ்யூரன்ஸை எடுத்தல் நலம் என்பது எமது அபிப்பிராயம்.

ஒரே கணினியைக் கொண்டு டிசைன் வரைந்து பிழைக்கும் குடும்பத்திற்கு இது பொருந்தாது. ஐந்தில் பங்கிட அவர்களுக்கு வழியில்லை. பத்து நாள் வேலை நின்றாலே கூலி போயிற்று. அவர்கள் கம்பெனியே நேரில் தரும் நீட்டிப்பை, விபத்துச் சேதமும் சேர்த்து, வாங்குவதே தக்கது. ஆனால் பழுது பார்க்கும் நிலையம் இராமநாதபுரத்தில் உள்ளதா, அல்லது மதுரைக்கு எடுத்துச் செல்ல வேண்டுமா என்பதை முன்னரே கேட்டறிக.

சங்கங்களுக்கு ஏற்ற பாலிசி எது? ஓரிடத்திலுள்ள சொத்தின் மொத்த மதிப்பு ரூ. 5 கோடிக்கு மேற்படாத தொழில்களுக்காக ‘பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா’ என்னும் பாலிசி 2021 ஏப்ரல் முதல் உள்ளது. தீ, புயல், வெள்ளம் இவற்றிற்கு அது உண்டு. சாதாரணத் திருட்டுக்கு வேறு பாலிசி தேவை. மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் கருவி எரிந்தால் அதற்கு மின்னணுக் கருவிப் பாலிசி என்ற தனி வகையே பொருந்தும்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்து எழுதுவோர் உண்டு. ரூ. 2,50,000 பெறும் கருவிகளை ரூ. 1,25,000-க்கு எழுதி வைத்து, ரூ. 1,00,000 நஷ்டம் நேர்ந்தால், மின்னணுக் கருவிப் பாலிசியில் சராசரி விதிப்படி ரூ. 50,000 மட்டுமே கணக்காகும். அதிலும் நம் பங்கென விதித்த தொகை கழியும்.

எவ்வழியாயினும் பில், கருவியின் வரிசை எண், வாங்கிய தேதி ஆகியவற்றைச் சொத்துப் பதிவேட்டில் எழுதி, ஒரு நகலை அலுவலகத்திற்கு வெளியே வைத்திருத்தல் வேண்டும். கேடு நேர்ந்தவுடன் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க. திருட்டாயின் போலீஸில் புகார் பதிந்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுக. அநியாயமாக மறுக்கப்பட்டதாகக் கருதும் அங்கத்தினர், தம் சொந்தப் பாலிசியாயின் சென்னையிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உத்தரவாத வழக்காயின் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அல்லது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனுச் செய்யலாம். கொடுத்த விலை ரூ. 5 லட்சம் வரையாயின் மனுவுக்குக் கட்டணமில்லை. வழக்கிற்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் மனு சேர வேண்டும்.