பல் குத்தும் குச்சியில் ஒரு துணைத் தொழில்

பல் குத்தும் குச்சிகளை ஒட்டிச் சின்னச் சின்ன அலங்காரப் பொருள்கள் செய்து விற்கும் இந்தத் தொழிலுக்கு முதல் அதிகம் வேண்டாம். சில டப்பா மூங்கில் குச்சிகள், வெள்ளை ஃபெவிகால், நகவெட்டி, சாமணம் இருந்தால் இன்றே உட்கார்ந்துவிடலாம். கரைவதெல்லாம் நேரம்தான். அமெரிக்காவின் ஸ்காட் வீவர் சான் பிரான்சிஸ்கோ நகரத்தை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குச்சிகளால் கட்டினார். சுமார் 35 ஆண்டுகள் பிடித்தன. பிரமிக்க வைக்கும் வேலை. ஆனால் மாத வருமானம் தேடுகிறவர் அந்த வழியில் போகக் கூடாது.

சில மணி நேரத்தில் முடியும் பொருளாகப் பாருங்கள். கொலுவுக்கு ஊஞ்சல், திண்ணை வீடு, மாட்டு வண்டி, சின்னப் பாலம் நன்றாகப் போகும். நவராத்திரி புரட்டாசியில் வருவதால் ஆடியிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

வரைபடத்தை முதலில் தாளில் உண்மையான அளவில் போடுங்கள். அதன்மேல் அடியில் இருப்பது தெரியும் பிளாஸ்டிக் தாளை விரித்து, குச்சிகளைக் கோட்டின் மீதே அடுக்கி ஒட்டுங்கள். பசை பிளாஸ்டிக்கில் பிடிக்காது, காய்ந்ததும் சுவர் முழுசாகக் கழன்று வரும். கூர்முனைகளை நகவெட்டியால் நறுக்கிவிட்டால் மூட்டுகள் சரியாகப் பொருந்தும். பசையைக் கொட்டாதீர்கள், முனையில் ஒரு துளி போதும். சதுரச் சட்டம் தள்ளினால் சாயும். குறுக்கே ஒரு குச்சி வைத்து முக்கோணமாக்கினால் அசையாது. ரயில் பாலங்களில் இரும்புச் சட்டங்கள் முக்கோணமாக இருப்பதும் இதற்குத்தான். ஒட்டியதை ஓர் இரவு முழுக்கத் தொடாமல் விடுங்கள். அவசரப்பட்டுத் தூக்கிக் கோணிப்போன வீட்டை யாரும் வாங்க மாட்டார்கள். மழைக்காலத்தில் மூங்கில் பூஞ்சை பிடிக்கும். குச்சிகளை முன்பே வெயிலில் உலர்த்துங்கள், முடிந்த பொருளுக்கு வார்னிஷ் பூசுங்கள்.

விலை வைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "குச்சிக்கா இவ்வளவு?" என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு 80 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மணி நேர வேலைக்கு 240, பொருளுக்கு 30, அட்டைப் பெட்டிக்கு 40. ஆக 310 ரூபாய் உங்கள் அடக்க விலை. லாபம் இதற்கு மேல்தான். கூலியை விட்டுவிட்டு 100 ரூபாய்க்குக் கொடுத்தால், உங்களுக்கும் நஷ்டம், இதே வேலை செய்யும் அடுத்தவருக்கும் கெடுதல்.

ஆர்டர்கள் சீராக வரத் தொடங்கியதும் ஆதார் எண்ணைக் கொண்டு அரசின் உத்யம் இணையதளத்தில் தொழிலைப் பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது; இடைத்தரகர் யார் கேட்டாலும் பணம் கொடுக்காதீர்கள்.