மரம் அறுக்க எத்தனை இன்ச் மெஷின்? எக்ஸெல் சொல்லும் பதில்

"பையன் பாட்டு கேட்கிறான், படம் பார்க்கிறான். தோப்பும் கொல்லையும் வைத்திருக்கிற எனக்குக் கம்ப்யூட்டரில் என்ன சார் வேலை?" பேராவூரணியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது எக்ஸெல் புரோகிராம். அதிலும் சம்பளப் பட்டியல், மார்க் பட்டியல் என்று தொடங்குவதில்லை. அவர்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்தை வைத்தே தொடங்குகிறேன்.

எங்கள் பகுதியில் இதற்குக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. அதுவரை அரிவாளும் கோடரியும் மட்டுமே வைத்திருந்த வீடுகளில், "மரம் அறுக்கிற மெஷின் ஒன்று வாங்கினால் என்ன?" என்ற பேச்சு அதன் பிறகு சாதாரணமாகிவிட்டது. செயின் சா என்பது அதன் பெயர். கடைக்குப் போனால் 14 இன்ச், 16 இன்ச், 18, 20, 22, 24 என்று வரிசையாக அடுக்குகிறார்கள். "இருப்பதிலேயே பெரிசா ஒண்ணு குடுங்க" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அது சரியா என்பதை நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். கூடவே எக்ஸெல்லில் பார்முலா அமைப்பது, அதை நகலெடுப்பது, வரிசைப்படுத்துவது ஆகிய மூன்றையும் கற்றுக் கொள்ளலாம்.

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இல்லையென்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் என்னும் தொகுப்பை இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடலாம். அதில் உள்ள கால்க் புரோகிராமிலும் இந்தப் பாடம் முழுவதையும் செய்து பார்க்கலாம்.

முதலில் இன்ச் என்பது எதன் அளவு?

செயின் சாவில் முன்னால் நீட்டிக் கொண்டிருக்கும் தட்டையான இரும்புப் பட்டைக்கு பார் என்று பெயர். அதைச் சுற்றித்தான் பற்கள் உள்ள செயின் ஓடுகிறது. 16 இன்ச் மெஷின் என்றால், மரத்தை அறுக்கப் பயன்படும் பாரின் நீளம் ஏறத்தாழ 16 இன்ச் என்று பொருள். மெஷினுக்குள் மறைந்திருக்கும் பகுதி இதில் சேராது.

பார் நீளம் மரத்தின் விட்டத்தைவிட 2 இன்ச் அதிகமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் நிற்கும் மரத்தின் விட்டத்தை நேராக அளக்க முடியாது. சுற்றளவைத்தான் அளக்க முடியும். சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். பள்ளியில் படித்த அதே பாடம்தான். இந்த வகுத்தலை எக்ஸெல் நமக்காகச் செய்யப் போகிறது.

அளவு எடுப்பது எப்படி?

தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். அது எட்டாத மரத்துக்கு ஒரு கயிற்றைச் சுற்றி, அந்தக் கயிற்றை அளந்து கொள்ளுங்கள். மரத்தை எந்த இடத்தில் அறுக்கப் போகிறீர்களோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். தென்னைக்கு இது மிக முக்கியம். நடுமரம் ஒல்லியாக இருந்தாலும் அடி பருத்திருக்கும். நெஞ்சு உயரத்தில் அளந்துவிட்டு அடியில் அறுக்கப் போனால் கணக்கு தவறிவிடும். எல்லா அளவையும் சென்டிமீட்டரிலேயே குறித்துக் கொள்ளுங்கள்.

அட்டவணை தயாரிப்போம்

எக்ஸெல்லைத் திறந்தவுடன் கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். மேலே ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகளும், இடது பக்கம் 1, 2, 3 என்று எண்களும் இருக்கும். எழுத்தையும் எண்ணையும் சேர்த்தால் அந்த செல்லின் பெயர் கிடைக்கும். பி வரிசையில் இரண்டாவது கட்டம் என்றால் அது பி2.

முதல் வரியில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ1 செல்லில் மரம், பி1-ல் சுற்றளவு, சி1-ல் விட்டம் செ.மீ., டி1-ல் விட்டம் இன்ச், இ1-ல் தேவையான நீளம், எஃப்1-ல் கடை அளவு. ஒரு செல்லில் டைப் செய்ததும் டேப் கீயைத் தட்டினால் கர்சர் அடுத்த செல்லுக்குப் போகும்.

இப்போது ஏ2 முதல் ஏ7 வரை மரங்களின் பெயரையும், பி வரிசையில் அவற்றின் சுற்றளவையும் கொடுங்கள். பயிற்சிக்காக இந்த அளவுகளை எடுத்துக் கொள்வோம்: வாசல் தென்னை 88, மாமரம் 190, கிணற்றடித் தென்னை 94, பூவரசு 75, வேம்பு 135, கொல்லைத் தென்னை 100. பி வரிசையில் எண்ணை மட்டும்தான் தர வேண்டும். "88 செ.மீ." என்று டைப் செய்தால் எக்ஸெல் அதை எழுத்தாக எடுத்துக் கொள்ளும், கணக்குப் போடாது.

பார்முலா அமைக்கலாம்

1. சி2 செல்லில் கிளிக் செய்யுங்கள். சமக் குறி ஒன்றைத் தட்டுங்கள். எந்த பார்முலாவும் இந்தக் குறியில்தான் தொடங்க வேண்டும். அடுத்து மவுஸால் பி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். பிறகு வகுத்தல் குறியான சாய்கோட்டைத் தட்டி, 3.14 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். 28.02 என்று விடை வரும். தசமப் புள்ளிக்குப் பின் நிறைய எண்கள் வந்தாலும் பயப்பட வேண்டாம்.

2. டி2 செல்லில் சமக் குறி தட்டி, சி2-ஐக் கிளிக் செய்து, சாய்கோடு தட்டி 2.54 என்று கொடுங்கள். ஓர் இன்ச் என்பது 2.54 சென்டிமீட்டர். 11.03 என்று வரும்.

3. இ2 செல்லில் சமக் குறி தட்டி, டி2-ஐக் கிளிக் செய்து, கூட்டல் குறியும் 2-ம் தட்டி என்டர் கொடுங்கள். விடை 13.03.

4. கடையில் 13.03 இன்ச் பார் கிடையாது. 14, 16 என இரட்டைப்படையில்தான் பெரும்பாலும் கிடைக்கும். இதற்கு எக்ஸெல்லில் சீலிங் என்று ஒரு பங்ஷன் இருக்கிறது. எஃப்2 செல்லில் சமக் குறி தட்டி, ஆங்கிலத்தில் சி-இ-ஐ-எல்-ஐ-என்-ஜி என ஏழு எழுத்துகளை டைப் செய்து, அடைப்புக் குறியைத் திறங்கள். இ2 செல்லைக் கிளிக் செய்து, ஒரு கமா போட்டு, 2 என்று தந்து, அடைப்புக் குறியை மூடி என்டர் தட்டுங்கள். 14 என்று வரும். மேல்நோக்கி அடுத்த இரட்டைப்படை எண்ணை இது தருகிறது. சாதாரணமாக முழுமையாக்கினால் எண் கீழே இறங்கவும் வாய்ப்புண்டு. பார் நீளம் குறையக் கூடாது என்பதால்தான் சீலிங்கைப் பயன்படுத்துகிறோம். கால்க் புரோகிராமில் கமாவை ஏற்காவிட்டால் அந்த இடத்தில் அரைப்புள்ளி போட்டுப் பாருங்கள்.

ஆறு மரத்துக்கும் இதையே டைப் செய்ய வேண்டுமா? வேண்டாம். சி2-லிருந்து எஃப்2 வரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். வலது கீழ் மூலையில் சின்னச் சதுரம் ஒன்று தெரியும். அதன் மேல் கர்சரை நிறுத்தினால் அது கூட்டல் குறி போல மாறும். அப்படியே மவுஸ் பட்டனை அழுத்தியபடி ஏழாவது வரி வரை இழுத்து விடுங்கள். எல்லா மரத்துக்கும் விடை வந்துவிடும். பார்முலாவை நகலெடுக்கும்போது பி2 என்பதை பி3, பி4 என எக்ஸெல் தானாகவே மாற்றிக் கொள்கிறது.

இப்போது பி2-ல் 88-ஐ அழித்துவிட்டு 98 என்று தந்து பாருங்கள். எஃப்2-ல் 14 உடனே 16 ஆக மாறும். கால்குலேட்டருக்கும் எக்ஸெல்லுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பார்த்த பிறகு மீண்டும் 88 ஆக்கிவிடுங்கள்.

வரிசைப்படுத்தினால் முடிவு தெரியும்

ஏ1 முதல் எஃப்7 வரை முழு அட்டவணையையும் தேர்ந்தெடுங்கள். டேட்டா என்னும் டேபில் சார்ட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் பெட்டியில் கடை அளவு என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தச் சொல்லி ஓகே கொடுங்கள். சுற்றளவு வரிசையை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுத்து சார்ட் செய்துவிடாதீர்கள். மாமரத்தின் சுற்றளவு பூவரசுக்குப் போய்விடும்.

பட்டியல் இப்படி வரும்: பூவரசு 12, வாசல் தென்னை 14, கிணற்றடித் தென்னை 14, கொல்லைத் தென்னை 16, வேம்பு 20, மாமரம் 26.

இதை நிதானமாகப் படியுங்கள். ஆறில் நான்கு மரங்களுக்கு 16 இன்ச் போதும். தென்னை மூன்றும் அதற்குள் அடங்கிவிட்டன. ஒரே ஒரு மாமரத்துக்காக 26 இன்ச் பார் தேட வேண்டுமா? அந்த மரத்துக்கு மெஷினோடு ஆளையும் ஒரு நாள் கூலிக்கு அழைப்பதுதான் லாபம். அனுபவம் உள்ளவர்கள் பாரைவிடப் பருமனான மரத்தையும் இரண்டு பக்கமிருந்தும் அறுத்துவிடுவார்கள். புதிதாகப் பிடிப்பவர் அதைச் செய்து பார்க்கக் கூடாது. பட்டியலின் கடைசி எண்ணைப் பார்த்து மெஷின் வாங்காமல், பெரும்பாலான மரங்கள் எந்த எண்ணுக்குள் வருகின்றன என்று பார்த்து வாங்குங்கள்.

பெரிய மெஷினில் என்ன கெடுதல்?

முதலில் எடை. பார் நீண்டால் முன்பக்கம் கனக்கும். கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். அடுத்தது கிக்பேக் எனப்படும் உதைப்பு. ஓடும் செயினின் மேல் முனை எதன் மீதாவது பட்டால், மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். பார் நீளமாக இருந்தால் அதன் முனை எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்கும் கைக்கும் பிடிபடாது. அதனால் செயின் பிரேக் இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாவது, இன்ஜின் சக்தி. 14 இன்ச் பாருக்கு 30 முதல் 40 சிசி, 16 இன்ச்சுக்கு 40 முதல் 45 சிசி, 18 முதல் 20 இன்ச்சுக்கு 50 சிசிக்கு மேல் என்று தோராயமாக வைத்துக் கொள்ளலாம். உதாரணமாக ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 180 மாடல் 31.8 சிசி, எம்எஸ் 250 மாடல் 45.4 சிசி. சின்ன இன்ஜினில் நீளமான பார் மாட்டினால் மரத்துக்குள் போனதும் திணறி நிற்கும். சிசியோடு கிலோவாட் எண்ணையும் பாருங்கள். கிலோவாட்டை 0.746 ஆல் வகுத்தால் குதிரைத் திறன் வரும். 2.3 கிலோவாட் என்றால் சுமார் 3 குதிரைத் திறன். இதையும் ஒரு செல்லில் போட்டுப் பார்க்கலாமே!

தென்னையில் இன்னொரு விஷயம். வேம்புக்கும் மாவுக்கும் நடுவில்தான் வைரம் பாயும். தென்னைக்கும் பனைக்கும் வெளிப்பக்கம்தான் கெட்டி, உள்ளே மென்மை. அந்த வெளிப்பக்கம் செயினின் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மெஷின் வாங்கும்போதே கூடுதலாக ஒரு செயினும், பல் தீட்ட உருண்டை அரமும் வாங்கிக் கொள்ளுங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021 ஆகஸ்டில் தமிழக வேளாண் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

எண்ணெய்க் கணக்கும் இதிலேயே

இந்த மெஷின்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கொண்டவை. பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். விகிதம் 50-க்கு 1 அல்லது 25-க்கு 1 என்று மெஷினோடு தரும் புத்தகத்தில் போட்டிருக்கும். கீழே காலியாக உள்ள ஏ10 செல்லில் பெட்ரோல் லிட்டரையும், பி10-ல் விகித எண்ணையும் கொடுங்கள். சி10-ல் சமக் குறி தட்டி, ஏ10-ஐக் கிளிக் செய்து, பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி தட்டி 1000 கொடுத்து, சாய்கோடு தட்டி, பி10-ஐக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 1 லிட்டருக்கு 50 என்றால் 20 மில்லி, 25 என்றால் 40 மில்லி. செயினுக்கு ஊற்றும் ஆயில் வேறு. அதற்குத் தனி டேங்க் இருக்கிறது. கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் சேர்ந்திருப்பதால் அது ஈரத்தை இழுத்துக் கொள்ளும்.

எக்ஸெல் சொல்லாதவை

மரம் எந்தப் பக்கம் விழும் என்பதை எக்ஸெல் சொல்லாது. புயலில் வேரோடு சாய்ந்த மரம் விறைத்த வில் போன்றது. நடுவில் அறுத்து பாரம் நீங்கியதும், மண்ணோடு நிற்கும் வேர்ப்பகுதி சட்டென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரலாம். அந்தக் குழிக்குள் ஒருபோதும் நிற்காதீர்கள். பிள்ளைகளையும் நிற்க விடாதீர்கள். வீட்டை ஒட்டியோ மின்கம்பியை ஒட்டியோ நிற்கும் மரத்தை நீங்களே அறுக்க வேண்டாம். மரமேறத் தெரிந்தவரை வைத்து மேலிருந்து துண்டு துண்டாக இறக்குங்கள். மின்கம்பி அருகில் என்றால் முதலில் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

அதற்காக விழுந்த தென்னையை அப்படியே போட்டு வைக்கவும் கூடாது. மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும்; பிறகு நீங்கள் புதிதாக நட்ட கன்றின் குருத்தைக் குடையும். காய்க்கப் பல வருடம் காத்திருக்க வேண்டிய கன்று அது. அறுத்து அப்புறப்படுத்துவதில் இருக்கும் அவசரம் இதனால்தான்.

பைலுக்கு மரக்கணக்கு என்று பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். பேஜ் லே அவுட் டேபில் ஓரியன்டேஷன் என்பதில் லேண்ட்ஸ்கேப்பைத் தேர்ந்தெடுத்தால் ஆறு தலைப்பும் ஒரே தாளில் அகலமாக அச்சாகும். பயிற்சி எண்களை எடுத்துவிட்டு உங்கள் கொல்லை மரங்களின் அளவைப் போட்டு, அந்தத் தாளைக் கையில் எடுத்துக் கொண்டு கடைக்குப் போங்கள். எத்தனை இன்ச் வேண்டும் என்று கடைக்காரர் கேட்கும்போது பதில் உங்கள் தாளில் இருக்கும்.