இணைய வெளியில் சொந்த மனையும் அயலும்

மனையொன்று அமைத்தவன் குடியிருப்பாளன் ஆவான்; அயலாரோடு கூடி வாழ்பவனே ஊரவன் எனப்படுவான். நிலத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை இக்காலத்தில் இணைய வெளிக்கும் பொருந்துவதாகும். அதனை நமது மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மாணவரை நோக்கி, “இணையத்தில் உங்களுக்கு இடம் உண்டா?” என வினவின், “உண்டு” என்றே யாவரும் விடையிறுப்பர். முகநூலிலும் பிறவிடங்களிலும் தமக்குள்ள கணக்கையே அவர்கள் கருதுகின்றனர். ஆயின் அஃது ஒரு பெருவணிகன் கட்டிய மண்டபத்தில் நமக்குத் தரப்பட்ட இருக்கையேயாகும். எதை முன்வைப்பது, எதைப் பின்தள்ளுவது, மண்டபத்தை எப்பொழுது மூடுவது என்பனவெல்லாம் அவ்வணிகன் விருப்பிலேயே தங்கியுள்ளன. தனிமனிதர் தம் பெயரில் முகவரி பெற்று, தம் கையாலேயே பக்கங்களை எழுதி, தம் பொறுப்பில் நடத்தும் தளமே சொந்த மனை. இதனைச் சொந்த வலைத்தளம் என்கின்றோம். இத்தகைய தளங்களை அமைப்போர் ஒருவரையொருவர் அறிந்து, ஒருவர் தளத்திலிருந்து மற்றவர் தளத்துக்கு வழியமைத்து, தாம் கற்றவற்றைப் பகிர்ந்து வாழும் கூட்டமே நாம் ஈண்டு அயல் எனக் குறிப்பது.

தோற்றமும் வளர்ச்சியும்

உலகளாவிய வலை என்னும் அமைப்பினை உருவாக்கியவர் திம் பேர்னர்சு-லீ என்னும் ஆங்கிலேயர். சுவிற்சர்லாந்தின் செனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் அவர் பணியாற்றிய காலத்தில், 1991ஆம் ஆண்டு முதலாவது வலைத்தளம் பிற ஆய்வாளரின் பார்வைக்கு வந்தது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அவ்வாய்வுகூடம் இத்தொழினுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அவ்வறிவிப்பினாலேயே வலை எல்லார்க்கும் பொதுவாயிற்று.

அதன்பின் பொதுமக்களும் தளம் அமைக்கத் தொடங்கினர். 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய சியோசிற்றீசு என்னும் நிறுவனம் இலவசமாக இடமளித்தது. இலக்கியம், இசை, அறிவியல் எனப் பொருள்வாரியாகப் பல பேட்டைகளை வகுத்து, ஒவ்வொருவர்க்கும் வீட்டிலக்கம் போன்றதோர் எண்ணையும் அது கொடுத்தது. அதே காலத்தில் வலை வளையம் என்னும் முறையும் தோன்றியது. ஒரே பொருள்பற்றிய தளங்கள் தமக்குள் ‘முந்தியது’, ‘அடுத்தது’ எனச் சுட்டிச் சங்கிலியாய் இணைந்துகொள்ளும். ஒரு தளத்துள் நுழைந்தவர் அச்சங்கிலியைப் பற்றியே வளையம் முழுவதையும் சுற்றிவரலாம். தேடுபொறிகள் வலுப்பெறாத அக்காலத்தில் அயலாரே வழிகாட்டிகளாய் இருந்தனர் என்பது இதனால் புலப்படும்.

2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சியோசிற்றீசு, யப்பானியப் பகுதி நீங்கலாக, மூடப்பட்டது. இலக்கக்கணக்கான மனைகள் ஒருசேர அழிந்தன. ஆர்வலர் சிலர் முன்கூட்டியே படியெடுத்து வைத்தமையால் ஒரு பகுதி பிழைத்தது. இவ்வழிவு கற்பித்த பாடத்தைப் பலர் மறந்திலர். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் போட்லாந்து நகரில் கூடிய சிலர் ‘இண்டிவெப்’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். எதனையும் முதலில் சொந்தத் தளத்தில் வெளியிடுக. பின்னரே அதன் படியைப் பிறவிடங்களுக்கு அனுப்புக என்பது அவர்தம் தலையாய கொள்கை. மூலம் வீட்டிலும் படி வெளியிலும் இருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

தமிழர் கண்ட அயல்

நிற்க. இவையெல்லாம் பிறர் வரலாறு என எவரும் எண்ண வேண்டா. சொந்தத் தளம் அமைத்தோர் ஒன்றுகூடியதனால் விளைந்த பெரும்பயனுக்குத் தமிழே தக்க சான்றாக விளங்குகின்றது.

1990களின் நடுப்பகுதியில் சிங்கப்பூர், மலேசியா, அவுத்திரேலியா, ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களில் வாழ்ந்த தமிழர் தத்தம் முயற்சியால் தமிழ்ப் பக்கங்களை அமைத்தனர். ஆயின் ஓர் இடர் நேர்ந்தது. கணினி எழுத்தை எண்ணாகவே அறியும். அகரத்துக்கு ஒருவர் ஓர் எண்ணைக் கொடுத்தார். மற்றொருவர் வேறோர் எண்ணைக் கொடுத்தார். ஆகவே ஒருவர் எழுதியதை வாசிக்க அவர் ஆண்ட அதே எழுத்துருவை நாமும் பெறுதல் வேண்டும். இன்றேல் திரையில் பொருளற்ற குறிகளே தோன்றும். பத்து மனைக்குப் பத்துத் திறவுகோல் என்னும் நிலை அது. மொழி ஒன்றாயிருந்தும் அயலார் ஒருவரோடொருவர் பேச இயலாதிருந்தனர்.

இக்குறையை நீக்க 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பேராசிரியர் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதனை அடுத்து, பல நாடுகளில் தமிழ்த் தளம் நடத்தியோரும் கணினி வல்லுநரும் மின்னஞ்சல் வாயிலாக நெடுங்காலம் வாதிட்டு, ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். அவருள் ஒருவரையொருவர் நேரிற் காணாதோர் பலர். முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கிய மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன், சுவிற்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராயிருந்த கு. கல்யாணசுந்தரம் முதலியோர் இப்பணியில் முன்னின்றனர். கல்யாணசுந்தரம் அவர்களே 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர். உலகின் பல பாகங்களிலுள்ள தன்னார்வலர் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதியும் பிழைதிருத்தியும் உதவ, அவை யாவர்க்கும் இலவசமாய்க் கிடைக்கலாயின. பின்னர் உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவாகிய ஒருங்குறி கணினிகளில் பரவ, எழுத்துச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது.

அதன் பயனாக 2003ஆம் ஆண்டு முதல் தமிழில் வலைப்பதிவுகள் பெருகின. 2004ஆம் ஆண்டில் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டியை அமைத்தார். தனித்தனியே சிதறிக் கிடந்த பதிவுகளில் புதிதாய் எழுதப்பட்டவற்றை அது ஓரிடத்தில் நிரல்படுத்திக் காட்டியது. தன் பதிவை அதிற் சேர்த்த ஒருவர், ஊர்ச்சந்தியில் நின்றார்போல, ஏனையோரால் அறியப்பட்டார். பிற்காலத்தில் முகநூல் முதலியவை பெருகவே இவ்வழக்கம் தளர்ந்தது. எனினும் கூட்டுமுயற்சி ஓய்ந்திலது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் திட்டம் இலங்கைத் தமிழர் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் காத்து வருகின்றது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததை அறிந்தோர் இப்பணியின் அருமையை உணர்வர். ஒரு நூல் ஓரிடத்தில் மட்டும் இருத்தல் ஆபத்து என்பதை நம்மினும் நன்கறிந்தோர் எவர்?

யான் இழந்ததும் பெற்றதும்

இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைக் கூறுதல் தகும். 2010ஆம் ஆண்டளவில், இலவசமாக இடமளித்த ஒரு நிறுவனத்தின் தளத்தில் யானும் ஒரு மனை அமைத்தேன். கீரிக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் முதியோரிடம் கேட்டறிந்த சொற்களை அதிற் பதிந்து வந்தேன். வலையின் பகுதிகள், மீன்வகைகள், நீரோட்டங்கள், காற்றுகள் என ஏறத்தாழ நானூறு சொற்கள் சேர்ந்தன. வகுப்பில் “கச்சான் என்பது யாது?” எனக் கேட்டால் மாணவர் வறுத்த நிலக்கடலையையே நினைப்பர். கடலோடிக்கோ கச்சான் மேற்றிசைக் காற்று. வாடை வடக்கிருந்தும், சோளகம் தெற்கிருந்தும், கொண்டல் கிழக்கிருந்தும் வீசுவன. இவற்றை அறியாதவன் வள்ளத்தைக் கடலில் இறக்கத் துணியான்.

சில ஆண்டுகளில் அந்நிறுவனம் தன் சேவையை நிறுத்தியது. அறிவித்தல் யான் பாராது விட்ட பழைய மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. யான் அறிந்தபொழுது மனையும் இல்லை, சொற்களும் இல்லை. கையெழுத்துக் குறிப்புகளையும், தட்டெழுதி முடிந்ததே என்னும் அலட்சியத்தால், பேணாது விட்டிருந்தேன். சொற்களைச் சொன்ன முதியவருள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர். பொருளை இழந்தவன் மீண்டும் தேடலாம். இறந்தவரிடம் சொல்லைக் கேட்பது எங்ஙனம்?

ஆயின் ஒரு பகுதி பிழைத்திருந்தது. பேசாலையைப் பூர்வீகமாகக் கொண்டு கனடாவில் வாழும் அன்பர் ஒருவர் தாமும் ஒரு சொந்தத் தளம் நடத்துபவர். முன்னொருகால் என் அனுமதி பெற்று, காற்றுகளும் வலையும் பற்றிய நூறு சொற்களளவில் என் பெயருடன் தம் தளத்தில் எடுத்து வைத்திருந்தார். யாம் ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை. அவர் அயலவராய் இருந்தமையாலேயே அந்நூறு சொற்களும் இன்றுள்ளன. அழிந்த முந்நூறுக்கும் என் தனிமையே காரணம் என்பதை உணர்ந்தேன். ஒருவர் தளத்தை மட்டும் வாசித்து, ஒருவரோடு மட்டும் எழுதிக்கொண்ட யான், பலரோடு பழகியிருப்பின் பல படிகள் இருந்திருக்கும்.

சேர்வோர் கைக்கொள்ள வேண்டியவை

இவ்வயலிற் சேர விரும்பும் மாணவர்க்குச் சில நெறிகளைக் கூறுவேன்.

முதலாவது, சிறிதாகத் தொடங்குக. மீயுரை மொழியாகிய எச்.ரி.எம்.எல்.லின் அடிப்படைக் குறிகளைச் சில நாளிற் கற்கலாம். தலைப்பு, பந்தி, படம், இணைப்பு ஆகிய நான்கையும் அமைக்கத் தெரிந்தவர் ஒரு பக்கத்தை எழுதிவிடலாம். ஒப்பனையிற் காலங்கழித்தல் தவறு. திண்ணை மெழுகுவதற்கு முன் கூரை வேய்தல் வேண்டும்.

இரண்டாவது, பேசுமுன் வாசிக்க. புதிதாய்க் குடிவந்தவர் அயலாரை அறிய முற்படுதல் பண்பு. பிறர் தளங்களைப் பொறுமையுடன் படித்து, நல்லன கண்டவிடத்து அவருக்கு இரண்டு வரி எழுதுக. தன் தளத்தைப் பாருங்கள் என்று எவ்விடத்தும் கூவுவோனை எவ்வூரும் விரும்பாது.

மூன்றாவது, வழியமைக்க. உமது பக்கத்தில் நீர் மதிக்கும் பத்துத் தளங்களுக்கேனும் இணைப்புக் கொடுப்பீராக. அதுவே அயலின் உயிர்நாடி. பிறர் எழுத்தை எடுத்தாளின் அனுமதி பெற்றுப் பெயர் சுட்டுக. பெயர் மறைத்தல் களவேயாகும்.

நான்காவது, பொதுக் குறியேற்றமாகிய ஒருங்குறியிலேயே எழுதுக. அழகு கருதித் தனிக் குறியேற்றத்தை நாடின், முன்னோர் பட்ட இடரையே மீளப் படுவீர்.

ஐந்தாவது, படிகளைக் காக்க. இலவச இடத்திலே தொடங்குதல் குற்றமன்று. அங்கேயே ஒற்றைப்படியை விட்டுவைத்தலே குற்றம். மாதம் ஒருமுறை தளம் முழுவதையும் வீட்டுக் கணினியிலும் வேறொரு கருவியிலும் சேமிக்க. வசதி உண்டாகுங்கால் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உமக்கென ஒரு முகவரியைப் பெறுக. ‘.இலங்கை’ என முடியும் தமிழ் முகவரிகள் 2010ஆம் ஆண்டே உலக அளவில் ஏற்கப்பட்டன. முகவரி உம்முடையதாயின், இடந்தரும் நிறுவனம் மாறினும் வாசகர் உம்மை இழக்கமாட்டார்.

ஆறாவது, அடக்கம் பேணுக. உமது வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிறர் புகைப்படம் ஆகியவற்றைத் திறந்த வாயிலில் வைத்தல் ஆகாது. சிறுவர் பெற்றோரும் ஆசிரியரும் அறியவே இம்முயற்சியில் ஈடுபடுதல் வேண்டும்.

ஐயமும் விடையும்

“நம் சிற்றூர்ச் செய்தியை எவர் வாசிப்பார்?” எனச் சிலர் வினவுவர். கூட்டத்தை நாடுவோர்க்கு மண்டபங்கள் பல உள. சொந்த மனைக்கு வருவோர் சிலரே. எனினும் அவர் தேடி வருவோர். 1990ஆம் ஆண்டுப் போர்க்காலத்தில் இத்தீவினின்றும் படகேறி இராமேசுவரக் கரையை அடைந்தோர் பலர். அவ்வாறு சென்றோரின் மக்களும், மேலைநாடுகளில் வாழ்வோரின் மக்களும், தம் பாட்டன் சொன்ன ஒரு சொல்லைத் தேடி ஒருநாள் வரலாம். அன்று அச்சொல் அங்கிருத்தல் வேண்டும்.

பழைய மாணவர்களே! இம்மலருக்காகப் பழைய மலர்களைத் தேடியபொழுது எத்தனை இதழ்கள் கிடையாமற் போயின என்பதை மலர்க்குழுவினர் அறிவர். உங்கள் பெட்டகத்தில் ஒரு பழம்பிரதி இருப்பின், அதனைப் படியெடுத்து உங்கள் தளத்தில் வையுங்கள். நூலகத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள். மாணவர்காள்! கீரியிலும் பேசாலையிலும் தலைமன்னாரிலும் இன்னும் முதியோர் உளர். ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் பத்துச் சொற்களைக் கேட்டு, ஒரு பக்கம் எழுதி, அருகிலுள்ள தோழனின் பக்கத்துக்கு வழியமைத்தால், அடுத்த விழா வருமுன் நமது கல்லூரிக்கென ஓர் அயல் உருவாகிவிடும். யான் இழந்த முந்நூறு சொற்களையும் அவ்வயல் மீட்டுத் தரும் என நம்புகின்றேன். அதில் என் மனையும் ஒன்றாக நிற்கும். அதன் முதற்பக்கத்தில் உங்கள் பெயர்களுக்கு இடம் விட்டு வைத்துள்ளேன்.

வாழ்க நமது கல்லூரி! வளர்க தமிழ்!