தலையில்லாத குதிரைவீரன்: இளம் விமர்சகருக்கு

செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’ 1899 டிசம்பரில் ‘ருஸ்கயா மீஸ்ல்’ இதழில் வெளிவந்தது. காசநோய் காரணமாக அவர் யால்தாவில் குடியேறியிருந்த காலம் அது. கதையின் முதல் பாதி நடப்பதும் யால்தாவில்தான். இக்கடிதத்துக்குக் காரணமான கட்டுரை, அந்தக் கதையில் வரும் சின்னஞ்சிறு விவரங்களை எடுத்துக்கொண்டு ஆராய்கிறது. கதைச்சுருக்கம் சொல்லிப் பக்கத்தை நிரப்பாதவரை கட்டுரையாளர் பிழைத்தார். இங்கும் அது வேண்டியதில்லை.

விவரங்களில் செகாவ் கஞ்சர். அந்தச் சீமாட்டி ஆன்னா செர்கேயெவ்னா முதலில் வரும்போது வாசகருக்குக் கிடைப்பவை நான்கைந்துதான்: இளம் பெண், அதிக உயரமில்லை, பொன்னிறக் கூந்தல், தலையில் ஒரு தொப்பி, பின்னால் ஓடிவரும் வெள்ளை நாய். கடற்கரைச் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்திருக்கும் கதாநாயகன் குரோவின் கண் தூரத்திலிருந்து எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவுதான் எழுத்தில் இருக்கிறது. விவரத்தை ஆராயும் எந்த விமர்சகரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதை யார் பார்க்கிறார் என்பது. எந்த நேரத்தில், என்ன மனநிலையில் பார்க்கிறார் என்பது அடுத்தது. பொருள் என்ன என்பது மூன்றாவதாக வரலாம், வராமலும் போகலாம். கட்டுரையாளர் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார். கட்டுரையின் பெரும்பாலான கோளாறுகள் அதிலிருந்து வந்தவை.

தர்பூசணியை எடுத்துக்கொள்ளலாம். விடுதி அறையில் இருவரும் முதல் முறை கூடியபின் ஆன்னா கூந்தல் கலைந்து தொங்க, தன்னைத்தானே வெறுத்து உட்கார்ந்திருக்கிறாள். மேஜைமேல் ஒரு தர்பூசணி இருக்கிறது. குரோவ் தனக்கு ஒரு துண்டு வெட்டி, அவசரமில்லாமல் தின்கிறான். அரைமணி நேரமாவது பேச்சில்லாமல் கழிகிறது. கட்டுரையாளர் அந்தப் பழத்தின் சிவப்பைப் பிடித்துக்கொண்டு காமம், குருதி, பாவம் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். பழத்தின் நிறத்தைச் செகாவ் சொல்லவே இல்லை. அவர் சொன்னது இரண்டு: அவன் தனக்கு மட்டும் வெட்டிக்கொண்டான், சாவகாசமாகத் தின்றான். அவளுக்கு அது வாழ்க்கை உடைந்த நேரம், அவனுக்குச் சாப்பாட்டு நேரம். அந்த அரைமணியின் நீளம்தான் அங்கே விவரம். பழம் அந்த நீளத்தை அளக்க உதவுகிறது, அவ்வளவே.

இதன் மறுபாதி கதையின் கடைசிப் பகுதியில், மாஸ்கோவின் ‘ஸ்லவியான்ஸ்கி பஜார்’ விடுதியில் இருக்கிறது. ஆன்னா மறுபடி அழுகிறாள். குரோவ் அழுது முடிக்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்து, மணியடித்துத் தேநீர் வரவழைத்துக் குடிக்கிறான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள். அன்று பழம், இன்று தேநீர்; செயல் ஏறக்குறைய அதேதான், ஆனால் ஆள் மாறிவிட்டான். அன்று அவள் அழுகை அவனுக்கு அலுப்பு. இன்று அவளை அணைக்க எழுந்தவன் கண்ணாடியில் தன் நரைத்த தலையைப் பார்க்கிறான், இந்த வயதில்தான் முதல் முறையாக ஒருத்தியை நேசிக்கிறோம் என்று உணர்கிறான். இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதையின் முழுப் பயணமும் தெரிந்துவிடும். கட்டுரையில் தேநீருக்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்தது சாம்பல் நிறம். ஆன்னாவைத் தேடி அவளுடைய ஊருக்குப் போகும் குரோவ் விடுதியில் நல்ல அறையாகப் பார்த்துத் தங்குகிறான். தரையில் சாம்பல் நிறப் பட்டாளத்துத் துணி, படுக்கையில் மலிவான சாம்பல் போர்வை, மேஜையில் சாம்பல் நிற மைக்கூடு. வெளியே அவள் வீட்டுக்கு எதிரே ஆணியடித்த நீண்ட சாம்பல் வேலி. கட்டுரையாளர் இவற்றையெல்லாம் வரிசையாக எண்ணி, சாம்பல் என்பது சிற்றூர் வாழ்வின் வெறுமைக்கும் மணவாழ்வுச் சிறைக்கும் குறியீடு என்று தீர்ப்பு எழுதுகிறார். அப்படியானால் ஆன்னாவின் கண்கள்? முதல் சந்திப்பின் இரவில் குரோவ் நினைத்துக்கொள்ளும் அந்த அழகிய கண்களும் சாம்பல் நிறம்தான். கடைசிப் பகுதியில் அவள் உடுத்தியிருக்கும், அவனுக்கு மிகவும் பிடித்த உடுப்பும் சாம்பல் நிறம்தான். குறியீட்டு அகராதி இந்த இரண்டையும் கண்டால் வாயை மூடிக்கொள்கிறது. வேலியைச் சிறையாகக் காணவும் விமர்சகர் தேவையில்லை. இப்படியொரு வேலியைக் கண்டால் யாரும் ஓடத்தான் செய்வார்கள் என்று குரோவே நினைத்துவிடுகிறான்.

மைக்கூடு இன்னும் நுட்பமானது. அதன் சாம்பல் நிறம் தூசியால் வந்தது என்கிறார் செகாவ். அதில் ஒரு குதிரைவீரன் உயர்த்திய கையில் தொப்பியோடு இருக்கிறான், தலைதான் உடைந்துபோயிருக்கிறது. எழுத்தாளர் நபக்கோவ் தம் அமெரிக்க வகுப்புகளில் இக்கதையை நடத்தியபோது இந்த இடத்தில் நின்றார். கட்டுரையாளருக்கு அந்த வீரன் ‘அறிவிழந்த காதலின் படிமம்’. ஆனால் கதையில் நடப்பது வேறு. மாஸ்கோவிலிருந்து ஏன் வந்தோம் என்று தனக்கே சரியாகச் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு மனிதன், விடுதியிலேயே நல்ல அறையில் நிற்கிறான். அப்போது அவன் கண்ணில் படுவது இதுதான். வணக்கம் சொல்லும் கை இருக்கிறது, சொல்லும் ஆள் இல்லை. சிரிப்பு வர வேண்டிய இடம் இது. குறியீடு என்ற சொல் வந்தவுடன் முதலில் போய்விடுவது செகாவின் நகைச்சுவை.

இரண்டாவது குறை ஒரு சொற்றொடர். ‘கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்’ என்பது கட்டுரையில் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழில் இதைச் சொல்லாத மதிப்புரை அபூர்வம். விவரம் என்றால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் என்ற நினைப்பே இதற்குக் காரணம். ஆன்னாவின் அறையில் ஜப்பானியக் கடையில் வாங்கிய வாசனைத் திரவியத்தின் மணம் அடைக்கிறது. யால்தாவுக்கு அருகிலுள்ள ஒரெயாந்தாவில் கடலின் ஒரே சீரான ஓசை கேட்கிறது. மாஸ்கோவில் குரோவ் யால்தாவில் சந்தித்த பெண்ணைப் பற்றி ஒருவரிடம் வாய் திறக்கிறான். அந்த மனிதர் வண்டியில் ஏறியபின் அவனைக் கூப்பிட்டு, அன்றைக்கு அவன் சொன்னது சரிதான், மீன் கொஞ்சம் நாறித்தான் போயிருந்தது என்கிறார். கதையிலேயே கொடூரமான விவரம் அந்த மீன். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் கேட்க முடியும். கட்டுரையாளர் அதைத் தாண்டிப் போய்விட்டார்.

1970களிலும் 80களிலும் தமிழ் வாசகர்களில் பலர் செகாவை மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி வந்த புத்தகங்களில் படித்தார்கள். முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகாவும் வெளியிட்டவை. கெட்டி அட்டை, நல்ல தாள், சொற்ப விலை. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் கிடைத்தன. சோவியத் யூனியன் 1991இல் கலைந்தபின் வரத்து நின்றது. பிறகு பழைய புத்தகக் கடைகளே கதி. அந்த வாசகர்களில் எத்தனை பேர் பனிச்சறுக்கு வண்டியையோ கைப்பிடி வைத்த மூக்குக்கண்ணாடியையோ கண்டிருப்பார்கள்? கண்முன் நிறுத்திக்கொள்ள அவர்களிடம் படம் ஏதும் இல்லை. ஆனாலும் யால்தா துறைமுகக் கூட்டத்தில் ஆன்னா அந்தக் கண்ணாடியைத் தொலைத்ததும், பிறகு நாடக அரங்கில் இன்னொரு மலிவான கண்ணாடியைக் கையில் பிடித்திருந்ததும் அவர்களுக்கு உறைத்தன. அந்த மலிவுப் பொருளோடு சேர்த்தே குரோவ் அவளைத் தன் உயிராக உணர்கிறான் என்பதும் புரிந்தது. கோட்பாட்டு நூல் எதுவும் கைவசமில்லாத தலைமுறை அது. நிதானமாகப் படித்த தலைமுறையும்கூட.

செகாவே இந்த விஷயத்தில் ஆலோசனை சொன்னவர்தான். 1886 மே மாதம் அண்ணன் அலெக்சாந்தருக்கு எழுதிய கடிதத்தில், நிலவொளியை வர்ணிப்பதைவிட ஆலை அணையில் உடைந்த பாட்டில் துண்டு மின்னுவதைச் சொன்னால் போதும் என்றார். ‘ஓநாய்’ என்ற கதையில் தாமே அதைப் பயன்படுத்தினார். பத்தாண்டுக்குப் பின் ‘கடற்பறவை’ நாடகத்தில் இளம் எழுத்தாளன் திரெப்லெவ், புகழ்பெற்ற திரிகோரினுக்கு இந்த உத்தி எவ்வளவு சுலபமாகக் கைவருகிறது என்று பொருமுகிறான். உத்தி பழகிப்போனதும் அதைக் கேலிக்கு ஆளாக்க அவர் தயங்கவில்லை. ஒற்றை விவரத்தைப் போற்றும் விமர்சகர்கள் அந்தக் கடிதத்தை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். கட்டுரையாளரும் அப்படியே.

இவ்வளவுக்கும் நடுவே கட்டுரையில் ஒரு நல்ல பத்தி இருக்கிறது. ஆன்னாவின் வீட்டு வாசலில் குரோவ் காத்திருக்கிறான். கதவு திறந்து ஒரு கிழவி வெளியே வருகிறாள், கூடவே அந்த வெள்ளை நாய். கூப்பிட நினைக்கிறான், படபடப்பில் நாயின் பெயர் மறந்துபோகிறது. அந்தப் பெயரைச் செகாவ் வாசகருக்கும் எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கிறார். தலைப்பிலேயே நாயை வைத்துவிட்டுப் பெயரை மறைத்திருப்பதால், வாசகரும் குரோவோடு வாசலில் நின்று தவிக்கிறார் என்று காட்டியிருக்கிறார். அபாரமான வாசிப்பு. தமிழில் செகாவைப் பற்றி எழுதிய பெரியவர்கள் பலருக்கும் தோன்றாதது. இதை எழுதிய கை சாம்பல் நிறத்தைப் பற்றியும் எழுதியது என்பதை நம்புவது சிரமம்.

கட்டுரை இப்போதுள்ள வடிவில் வெளியிடத் தக்கதல்ல. சாம்பல் நிறம் பற்றிய பகுதியை முழுவதும் நீக்கி, தர்பூசணியோடு தேநீரையும் சேர்த்து, நாயின் பெயர் பற்றிய பத்தியை முதலில் வைத்துக் கட்டுரையாளர் திருத்தி எழுத வேண்டும். எழுதி முடித்ததும் எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பலாம்.