சுவரில் இருக்கும் சுவிட்சை மறந்துவிடாதே

அன்புத் தம்பிக்கு,

வயரிங்கோடு ஸ்மார்ட் விளக்கு வேலையும் எடுக்கத் தொடங்கிவிட்டாயாமே, சந்தோஷம். வைஃபையா ஜிக்பீயா என்று கேட்டிருந்தாய். இரண்டு மூன்று பல்புக்கு வைஃபை போதும். வீடு முழுக்க என்றால் ஜிக்பீ. ஆனால் நீ கேட்காமல் விட்டது ஒன்று உண்டு: சுவரில் இருக்கும் பழைய சுவிட்சை என்ன செய்யப்போகிறாய்?

ஜிக்பீயில் கரண்ட் ஓடுகிற பெரும்பாலான பல்புகள் தமக்கு வந்த செய்தியை அடுத்ததற்குக் கடத்தும். ஹாலில் உள்ள ஹப்பிலிருந்து மாடி அறைக்குக் கட்டளை போவது நடுவிலுள்ள பல்புகள் வழியாகத்தான். பாட்டி தூங்கப் போகும்போது பழக்கத்தில் சுவிட்சை அணைத்தால், அந்தப் பல்பை நம்பியிருந்த பாட்டரி சென்சாரும் வழி தெரியாமல் நிற்கக்கூடும். சுவிட்சின்மேல் டேப் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேலையே இல்லை.

ஸ்மார்ட் பல்பை விட்டுவிட்டு, போர்டுக்குள் ஜிக்பீ ரிலே மாட்யூல் வை. சாதாரண எல்இடி போதும். சுவிட்சைத் தட்டினாலும் எரியும், போனில் தொட்டாலும் எரியும்; ரிலேக்கு எப்போதும் கரண்ட் இருப்பதால் ஜிக்பீ வலையும் அறுபடாது. இதற்கு நியூட்ரல் வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் இருக்கும். மாடிப்படி டூ-வே பெட்டியில் பெரும்பாலும் இருக்காது. அதனால் விலை பேசுமுன் மெயினை அணைத்துப் போர்டைக் கழற்றிப் பார். நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாட்யூலும் உண்டுதான். ஆனால் அவற்றில் பலவும் செய்தியைக் கடத்துவதில்லை, சின்ன வாட் எல்இடியை மினுக்கவும் வைக்கலாம்.

ஜிக்பீ ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில்; வைஃபையும் அங்கே ஓடுவதால் ஒன்றையொன்று இடறும். ஜிக்பீக்குச் சேனல் 11 முதல் 26 வரை. வைஃபை 1, 6, 11இல் இருந்தால் 25 ஓரளவு ஒதுங்கி நிற்கும். சேனலை முதலிலேயே முடிவு செய். பிறகு மாற்றினால் சில சாதனங்களை மறுபடி சேர்க்க வேண்டிவரும். கணினியில் ஜிக்பீ டாங்கிள் வைத்து ஹப்பாக்கினால், அதை யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகாதே, அந்தத் துளையின் இரைச்சல் சிக்னலைக் கெடுக்கும். எக்ஸ்டென்ஷன் கேபிள் போடு.

நிறம் மாறும் விளக்குதான் வேண்டுமென்றால் ரிலே போதாது, ஸ்மார்ட் பல்புதான் எளிது. அப்போது ஃபேஸை சுவிட்சைத் தாண்டி நேராக இழுத்து, சுவரில் வயர்லெஸ் பட்டன் வை. கரண்ட் போய் வந்தால் பழைய நிலைக்கே திரும்பும்படி செட்டிங்கை மாற்று. இல்லையென்றால் நடுராத்திரியில் வீடே வெளிச்சமாகிவிடும். அந்த ஹோல்டரில் எப்போதும் கரண்ட் இருக்கும் என்பதால், பல்பு மாற்றும்முன் எந்த எம்சிபியை இறக்க வேண்டும் என்று டிபி மூடியில் பெரிதாக எழுதி ஒட்டு.

அன்புடன்,
அண்ணன்